ஐம்பதைத் தாண்டிய நர்ஸுக்கு வேலை போனால்: எந்த வழி எதைக் கேட்கும், எதைத் தரும்

என் வார்டைப் பக்கத்து வார்டோடு இணைத்தபோது எனக்கு 53 வயது. 31 வருடம் நர்ஸாக வேலை பார்த்திருந்தேன். முதலில் பொது மருத்துவ வார்டு, நடுவில் 9 வருடம் ஐசியு, கடைசியில் ஒரு வார்டுக்கு இன்சார்ஜ். இரண்டு வார்டு ஒன்றானதும், இரண்டு இன்சார்ஜ் எதற்கு என்ற கேள்வி வந்தது. அந்த வாரக் கடைசியில் அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் காலை டூட்டி நேரத்துக்குக் கண் தானாக விழித்துக்கொண்டது. ஜூனியர் பிள்ளைகள் சில நாள் போன் செய்து, "அக்கா, இந்த மருந்தை எத்தனை எம்எல்லில் கலப்பீங்க?" என்று கேட்டார்கள். அப்புறம் அதுவும் நின்றுபோனது. பயத்தில் நான் செய்த முதல் தப்பு, கண்ணில் பட்ட வேலைக்கெல்லாம் விண்ணப்பம் போட்டது. ஒரே மாதத்தில் 14 இடம். ஐசியு ஒன்று, இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்று, முதியோர் இல்லம் ஒன்று என்று ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. சில இடங்களிலிருந்து பதில் வந்தபோது, எது எனக்கு ஒத்துவரும் என்று சொல்ல என்னிடம் ஒரு அளவுகோலும் இல்லை. முதலில் எடுத்த வேலை ஐந்து மாதத்தில் முடிந்தது. அதன் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன், என்னோடு வேலை பார்த்தவர்களையும் விசாரித்தேன்.

உலகம் முழுக்க நர்ஸ் பற்றாக்குறை என்று சொல்கிறார்களே, பிறகு எப்படி நமக்கு வேலை இல்லை? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் அரித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை, 2023இல் உலகில் சுமார் 2 கோடியே 98 லட்சம் நர்ஸுகள் இருந்ததாகவும், இன்னும் 58 லட்சம் பேர் தேவைப்பட்டதாகவும் சொல்கிறது. ஆனால் மருத்துவமனையின் பட்ஜெட்டில் தேவை என்பது ஒரு கணக்கு, சம்பளம் என்பது வேறு கணக்கு. அனுபவம் கூடக் கூட நம் சம்பளம் கூடும். செலவைக் குறைக்க உட்காருபவர்களின் கண்ணில் முதலில் படுவது அந்த வரிதான். அமெரிக்க நர்ஸிங் ஆய்வாளர் லிண்டா ஐகன் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதைக் கண்டார்கள். வார்டில் ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பது தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் குறைக்கிறார்கள். வேலை போனதை வைத்து உங்கள் திறமையை நீங்களே மட்டமாக எடைபோட வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நான் அப்படி எடைபோட்டு மூன்று மாதம் தூங்காமல் இருந்தேன்.

முதலில் உடம்பின் கணக்கு

வழிகளை ஒப்பிடும் முன் உங்கள் உடம்போடு ஒரு முறை உண்மையாகப் பேசிவிடுங்கள். நோயாளியைக் கையால் தூக்கும்போது, நிலைமை எல்லாம் சாதகமாக இருந்தால்கூட 35 பவுண்டுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2007இல் சொன்ன வரம்பு. கிட்டத்தட்ட 16 கிலோ. பெரிய மனிதர் ஒருவரின் ஒரு காலே அந்த எடையைத் தொட்டுவிடும். இருபத்தைந்து வயதில் இதைத் தாண்டித்தான் தினமும் தூக்கினோம். அதற்கான வட்டியை முதுகு இப்போது கேட்கிறது.

நைட் டூட்டியும் அப்படித்தான். இரவுப் பணி புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற வகையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007இல் அதைச் சேர்த்தது, 2019இல் மறுபடி பார்த்து உறுதி செய்தது. ஐம்பதுக்கு மேல் நைட் முடித்துவிட்டுப் பகலில் தூங்கப் பார்த்தவர்களுக்கு என்ன கஷ்டம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது கண். ஆம்ப்யூல் என்ற ஊசிமருந்துக் குப்பியில் இருக்கும் பொடி எழுத்தை மங்கிய வெளிச்சத்தில் படிக்க முடிகிறதா? கண்ணாடி போட்டால் முடிகிறது என்றால் பிரச்சினை இல்லை. அவசரத்தில் கண்ணாடியைத் தேட நேரமிருக்காத வேலையா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இவற்றோடு, சம்பளமே வராமல் எத்தனை மாதம் வீட்டை ஓட்ட முடியும் என்று ஒரு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். கீழே வரும் வழிகளில் பாதி அந்த ஒரு எண்ணிலேயே அடிபட்டுப் போகும். நர்ஸிங் கவுன்சில் பதிவை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் காலாவதியாக விடாதீர்கள். பிரிட்டனில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க 450 மணி நேரப் பணி காட்ட வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் விதி வேறு. ஆனால் போன பதிவைத் திரும்ப வாங்குவது எங்கேயுமே எளிதில்லை.

திரும்பவும் வார்டுக்கே

பெரும்பாலோர் முதலில் நினைப்பது இதைத்தான். வேறு மருத்துவமனை, அதே வேலை. பயிற்சி வேண்டாம், செலவு இல்லை, முதல் சம்பளம் சீக்கிரம் வரும். கையில் இரண்டு மாதப் பணம்கூட இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை, தயங்காமல் எடுங்கள். ஆனால் புது இடத்தில் நீங்கள் புது ஆள். நல்ல ஷிஃப்ட் எல்லாம் ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்குப் போயிருக்கும். பகல் டூட்டி மட்டும்தான் என்று வாய்மொழியாகச் சொல்வதை நம்பிச் சேர்ந்த என் தோழி ஒருத்தி, இரண்டாவது மாதமே ஏழு நைட் பார்த்தாள். எதுவானாலும் நியமனக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். அப்புறம் மென்பொருள். ஒவ்வொரு இடத்திலும் நோயாளிப் பதிவு வேறு வேறு திரையில் இருக்கும். முதல் மூன்று வாரம் நாம் மெதுவாகத்தான் இருப்போம். அதை வயதோடு முடிச்சுப் போட்டுப் பேசுவார்கள். நான்காவது வாரம் சரியாகிவிடும்.

படுக்கை இல்லாத இடங்கள்

டயாலிசிஸ், எண்டோஸ்கோப்பி, பகல் நேர அறுவை சிகிச்சை, தடுப்பூசி மையம், பள்ளி, தொழிற்சாலை மருத்துவப் பிரிவு. இவற்றை எல்லாம் ஒரே கூடையில் போட்டாலும் டயாலிசிஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். நோயாளி வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் என்று வருடக்கணக்கில் வருவார். வார்டில் டிஸ்சார்ஜ் ஆனதும் முகம் மறந்துவிடும். இங்கே அவர் வீட்டுக் கல்யாணம்வரை நமக்குத் தெரியும். மெஷினில் எண்கள் சரியாக இருக்கும்போதே, "இன்னிக்கு இவர் பேச்சு வேற மாதிரி இருக்கே" என்று கண்டுபிடிக்கும் நர்ஸுக்கு இங்கே உண்மையான மதிப்பு உண்டு. எங்கள் ஐசியுவில் இருந்த ஒரு சிஸ்டர் 56 வயதில் இதற்குப் போனார். ஆறு மாதம் மெஷினோடு போராடினேன், அதன் பிறகு இதைவிட நிம்மதியான வேலை பார்த்ததில்லை என்கிறார். ஒரே குறை, முதல் பேட்ச் விடியற்காலையில் தொடங்கும்.

தொழிற்சாலையிலும் பள்ளியிலும் வேலை நேரம் அருமை, உடல் உழைப்பு குறைவு. ஆனால் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். பக்கத்தில் டாக்டர் இல்லை, ஜூனியர் இல்லை. பத்து நாள் ஒன்றுமே நடக்காது, பதினோராவது நாள் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். தனியாக முடிவெடுத்துப் பழகியவர்களுக்கு இது பொருந்தும்.

வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வேலை

நான் முதலில் எடுத்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு நோயாளி, வார்டு இரைச்சல் இல்லை, நமக்குத் தோதான நேரம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! பக்கவாதம் வந்த ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளப் போனேன். வீட்டுக் கட்டில் என் முழங்கால் உயரம்தான். மருத்துவமனைக் கட்டிலை ஒரு பொத்தானில் உயர்த்திவிடலாம். இங்கே முழுக்கக் குனிந்துதான் ஆக வேண்டும். தூக்க இன்னொரு ஆள் இல்லை, நோயாளியைத் தூக்கும் லிஃப்டர் கருவி இல்லை. வார்டில் நான்கு கை சேர்ந்து திருப்பிய உடம்பை இரண்டு கையால் ஒரு நாளைக்கு எட்டு முறை திருப்பினேன். ஐந்தாவது மாதம் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. பத்து நாள் நானே படுக்கையில் கிடந்தேன். இலகுவான வேலை என்று நினைத்து வீட்டுப் பராமரிப்புக்குப் போகும் ஐம்பது வயதுக்காரர்கள் முதலில் கேட்க வேண்டியவை இரண்டே கேள்வி: நோயாளி தானாகத் திரும்புவாரா? கட்டில் உயருமா? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், சம்பளம் எவ்வளவு ஆனாலும் வேண்டாம்.

வீட்டு வேலையிலேயே காயத்துக்குக் கட்டுப் போடுவது, இன்சுலின் கற்றுக்கொடுப்பது, டிஸ்சார்ஜுக்குப் பின் போய்ப் பார்ப்பது என்று வருகை முறையில் நடப்பதும் உண்டு. அது வேறு ரகம். ஒரு வீட்டில் அரை மணி, முக்கால் மணி. அலைச்சல்தான் பெரிது, தூக்கல் குறைவு. அந்த அலைச்சலுக்கான நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் எடுப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். எடுக்காவிட்டால் பேசிய மணிக்கூலி நிஜத்தில் நிறையவே குறையும்.

நோய்த்தணிப்புப் பராமரிப்பு இவை இரண்டிலிருந்தும் தனி. குணமாக்க முடியாத நோயாளியின் வலியையும் மூச்சுத்திணறலையும் குறைக்கிற வேலை. மருந்துக் கணக்கு நுட்பமானது. அதைவிட நுட்பமானது குடும்பத்தோடு பேசுவது. இருபத்தைந்து வயதில் எனக்கு அது வரவில்லை. "இன்னும் எத்தனை நாள் சிஸ்டர்?" என்று ஒரு மகன் கேட்டபோது ஓடி ஒளிந்திருக்கிறேன். இப்போது பக்கத்தில் உட்கார முடிகிறது. வயது இங்கே தகுதி. ஆனால் சமீபத்தில் சொந்த வீட்டில் ஒரு சாவைப் பார்த்தவர்கள், அந்தத் துக்கம் ஆறுகிறவரை இதைத் தள்ளி வைப்பது நல்லது.

தொற்றுக் கட்டுப்பாடும் தரப் பிரிவும்

இந்த வழியைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை. நான் இப்போது இருப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் பாசம் கலந்திருக்கலாம். ஆனாலும் காரணத்தோடு சொல்கிறேன்.

1985இல் வெளியான செனிக் என்ற அமெரிக்க ஆய்வு, 250 படுக்கைக்கு ஒரு தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ், முறையான கண்காணிப்பு, பயிற்சி பெற்ற மருத்துவர் என்று நல்ல ஏற்பாடு இருந்த மருத்துவமனைகளில், நோயாளிகளுக்கு அங்கேயே பிடிக்கும் தொற்று 32 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. ஒரு நர்ஸின் பதவி எத்தனை உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதற்கு இவ்வளவு நேரடியான சான்று வேறு பதவிகளுக்குக் கிடைப்பது அபூர்வம். வேலை என்ன? வார்டு வார்டாக நடப்பது, சிறுநீர்க் குழாய் போன்ற கதீட்டர் நோயாளி உடம்பில் எத்தனை நாளாக இருக்கிறது என்று பார்ப்பது, 1000 கதீட்டர் நாளுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் கதீட்டர் இருந்தால் அது ஒரு கதீட்டர் நாள்) எத்தனை தொற்று என்று கணக்குப் போடுவது, கை கழுவுகிறார்களா என்று கவனிப்பது, ஒரே கிருமி மூன்று படுக்கையில் வந்தால் அது எங்கிருந்து கிளம்பியது என்று தேடுவது. தூக்கல் இல்லை. நைட் இல்லை. நடை உண்டு. எக்செல் கட்டாயம். எனக்கு எக்செல் தெரியாது. அக்கா மகள் இரண்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள், வேலைக்குத் தேவையானது அந்த அளவுதான்.

கஷ்டமும் இருக்கிறது. பெரிய டாக்டரிடம் போய், "சார், கை கழுவாமல் உள்ளே போனீங்க" என்று சொல்ல வேண்டும். ஜூனியர் நர்ஸுகள் நம்மைப் போலீஸ் மாதிரி பார்ப்பார்கள். நோயாளியின் கையைப் பிடித்துப் பழகியவர்களுக்கு, நாளெல்லாம் தாளும் திரையுமாக இருப்பது முதலில் வெறுமையாக இருக்கும். எனக்கு இருந்தது. ஒரு வார்டில் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருவதைப் பார்த்துத் தேடிப் போனதில், சிறுநீர் சேரும் பைகளைக் காலி செய்ய எல்லோருக்கும் ஒரே குவளையைப் பயன்படுத்துவது தெரிந்தது. அதை மாற்றினோம். அடுத்த இரண்டு மாதம் எண் இறங்கியது. அன்றைக்குத்தான் நான் இன்னும் நர்ஸாகத்தான் இருக்கிறேன் என்று மனம் ஒப்புக்கொண்டது.

இதற்குச் சான்றிதழ் படிப்புகள் உண்டு. ஆனால் முதலில் வேலை, பிறகு படிப்பு என்று போனால் செலவை மருத்துவமனையே ஏற்கக்கூடும். காலியிடம் குறைவுதான். நூறு ஸ்டாஃப் நர்ஸ் எடுக்கிற இடத்தில் இவர்கள் ஒருவரோ இருவரோதான்.

சொல்லிக்கொடுக்கும் வேலை

வேலை இழந்த சீனியர் நர்ஸ் யாரைப் பார்த்தாலும், "நீங்க டீச்சிங் போகலாமே" என்கிறார்கள். பாதி உண்மை. கல்லூரியில் நிரந்தரப் பதவி என்றால் பெரும்பாலும் மேற்படிப்பு கேட்பார்கள். மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி தருவது, செய்முறைக் கூடத்தில் பொம்மையை வைத்து இதயப் புத்துயிர்ப்பு (சிபிஆர்) சொல்லித்தருவது, மாணவிகளோடு வார்டுக்குப் போவது ஆகியவற்றுக்கு அனுபவமே முக்கியம். சம்பளம் ஐசியு சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் வரும், பல நேரம் வகுப்புக் கணக்கில்.

இன்னொரு தடை நமக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்க நர்ஸிங் அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984இல் வெளியிட்ட நூலில், ஒரு நர்ஸ் புதியவர் நிலையிலிருந்து நிபுணர் நிலைவரை ஐந்து படிகளில் வளர்வதை விவரித்தார். நிபுணர் விதியைப் பார்த்து வேலை செய்வதில்லை, முழு நிலைமையையும் ஒரே பார்வையில் பிடிக்கிறார் என்பது அவர் கருத்து. நோயாளியைப் பார்த்ததுமே "இவர் இன்னிக்கு ராத்திரி கஷ்டம் கொடுப்பார்" என்று நமக்குத் தெரிகிறதே, அதுதான். 1990இல் வந்த ஒரு ஆய்வில், வார்டில் இதயம் நின்றுபோன நோயாளிகளில் 84 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள்ளேயே நிலை மோசமாவதன் அடையாளங்கள் பதிவாகியிருந்தன. அந்த அடையாளத்தை முதலில் பார்க்கிற கண் நம்முடையது. ஆனால் மாணவி, "எப்படி சிஸ்டர் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டால் வாய் வருவதில்லை. மூச்சை எண்ணினேனா, உதட்டு நிறத்தைப் பார்த்தேனா, போர்வையைப் பிடித்த விரலைப் பார்த்தேனா? பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். அதற்குப் பொறுமை இருக்கிறவர்கள் இந்த வழியில் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். "இதுகூடத் தெரியாதா" என்று வாயில் வருகிறவர்கள் வேண்டாம், அந்தப் பிள்ளைகள் பாவம்.

மேசை, போன், திரை

போனில் அறிகுறி கேட்டு ஆலோசனை சொல்லும் வேலை முதுகுக்கு நல்லது. முகம் தெரியாது என்பதால் காது மட்டுமே கருவி. மூச்சுவாங்கிக்கொண்டு பேசுகிறாரா, வாக்கியத்தை முடிக்கிறாரா என்று கேட்டே கணிக்கும் சீனியர்களுக்கு நன்றாக வரும். ஆனால் எத்தனை நிமிடத்தில் ஒரு அழைப்பை முடித்தீர்கள் என்று எண்ணுவார்கள். நிலையான வேலையா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. பிரிட்டனில் 1998இல் நர்ஸுகளை வைத்துத் தொடங்கிய என்ஹெச்எஸ் டைரக்ட் என்ற போன் சேவை 2014இல் மூடப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த 111 சேவையில் முதலில் பேசுவது பெரும்பாலும் மருத்துவப் படிப்பு இல்லாத ஊழியர்கள், கணினி கேட்கச் சொல்லும் கேள்விகளைக் கேட்கிறார்கள். இந்த ஆபத்தைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

மெடிக்கல் கோடிங்கை நான் யாருக்கும் முதலில் சொல்வதில்லை. கேஸ் ஷீட்டைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் ஐசிடி என்ற சர்வதேச நோய்ப் பட்டியலின்படி எண் போடும் வேலை. ஐசிடியின் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, ஆனால் பல இடங்களில் இன்னும் பத்தாம் பதிப்புதான். இரண்டையும் கற்க வேண்டிவரலாம். உங்கள் 30 வருட அனுபவத்துக்கு இங்கே தனி மதிப்பு குறைவு. வேகமாகத் தட்டும் இருபத்து மூன்று வயதுப் பெண்ணோடு அதே சம்பளத்துக்குப் போட்டி. அதோடு, மென்பொருளே எண் போடத் தொடங்கிவிட்டது. நடக்கவே முடியாத அளவு மூட்டுவலி உள்ளவர்கள், வீட்டை விட்டு வர முடியாதபடி யாரையாவது பார்த்துக்கொள்பவர்கள் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

மருந்து ஆய்வு ஒருங்கிணைப்பாளர் வேலை இதைவிட மேல். ஒப்புதல் படிவம் விளக்குவது, குறித்த நாளில் பரிசோதனை எடுப்பது, பக்க விளைவை உடனே பதிவது. நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டு எழுதும் வார்டுப் பழக்கம் அப்படியே உதவும். ஜிசிபி எனப்படும், மருந்து ஆய்வை நடத்தும் நெறிமுறைப் பயிற்சி குறுகியது, இணையத்திலேயே முடிக்கலாம். ஆய்வு முடிந்தால் வேலையும் முடியலாம் என்பதை மறக்காதீர்கள்.

முழுசாகப் படித்து மாறுவது

சிசிலி சாண்டர்ஸ் பெயரை நர்ஸுகளில் பலர் கேள்விப்பட்டிருப்போம். 1918இல் பிறந்தவர். லண்டனில், நைட்டிங்கேல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் நர்ஸாகப் பயின்றார். முதுகு கெட்டுப்போனதால் வார்டு வேலையைத் தொடர முடியவில்லை. மருத்துவ சமூகப் பணிக்கு மாறினார். பிறகு டாக்டருக்குப் படித்து 1957இல் தேறினார். 1967இல் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் என்ற, இறுதிக்கால நோயாளிகளுக்கான காப்பகத்திலிருந்துதான் இன்றைய நோய்த்தணிப்புப் பராமரிப்பு உலகெங்கும் பரவியது. எனக்கு ரொம்பப் பிடித்த வாழ்க்கை அது. ஆனால் மருத்துவப் படிப்பில் சேர்ந்தபோது அவருக்கு முப்பதுகளின் தொடக்கம்தான். 54 வயதில் மூன்று வருடப் படிப்பில் சேருகிறவர் வேறு கணக்குப் போட வேண்டும்: கட்டணம், மூன்று வருடம் வராமல் போகும் சம்பளம், இரண்டையும் கூட்டி, படித்த பின் மாதம் எவ்வளவு கூடுதலாக வருமோ அதால் வகுக்க வேண்டும். வரும் விடை, நீங்கள் வேலை பார்க்க நினைக்கும் மாதங்களில் பாதிக்கு மேல் போனால் பணத்துக்காக அந்தப் படிப்பு வேண்டாம். ஆசைக்காகப் படிப்பது வேறு, அதை நான் தடுக்க மாட்டேன். அவர் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, முதுகு போனதும் அவர் நோயாளியை விட்டு விலகவில்லை, நோயாளியை அணுகும் வாசலை மட்டும் மாற்றினார் என்பதைத்தான்.

நர்ஸிங்கையே விட்டுவிட்டு வேறு தொழிலுக்குப் போனவர்களும் எனக்குத் தெரிந்து இரண்டு பேர் உண்டு. ஒருவர் சந்தோஷமாக இருக்கிறார். இன்னொருவர் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட ஓடிப்போய் நாடி பிடித்துப் பார்க்கிறார்.

நான் எப்படிப் பிரித்தேன்

இரண்டாவது முறை யோசித்தபோது ஒரு தாளில் என் பழைய டூட்டியை மணிக்கணக்காக எழுதினேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும், இது உடம்பு செய்ததா, கண்ணும் மூளையும் செய்ததா என்று குறித்தேன். உடம்பு செய்ததை இனி குறைத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். மிச்சம் இருப்பதற்கு எந்த வேலையில் சம்பளம் தருகிறார்கள் என்று தேடினேன். என் தாளில் நிறைய இருந்தது, கணக்கில் ஒட்டாததைக் கண்டுபிடிப்பது. அதனால் தொற்றுக் கட்டுப்பாடு. அதே தாளை என் டயாலிசிஸ் தோழி எழுதியபோது, நோயாளியோடு பேசிய நேரம்தான் பக்கம் முழுக்க இருந்தது. அவள் என் வேலையில் ஒரு மாதம்கூடத் தங்க மாட்டாள்.

பணம் மிக நெருக்கடி என்றால் வார்டு, அதிலும் பகுதி நேரம் கிடைத்தால் நல்லது, பக்கத்திலேயே அடுத்ததைத் தேடலாம். நான்கைந்து மாதம் தாங்கும் என்றால் டயாலிசிஸ், நோய்த்தணிப்பு, தொற்றுக் கட்டுப்பாடு மூன்றையும் விசாரியுங்கள். இந்த மூன்றிலும் வயது பாரமாகப் பார்க்கப்படுவதில்லை என்பது என் அனுபவம். சொல்லிக்கொடுப்பதை முழு வருமானமாக வைக்காமல் வாரத்துக்கு ஒரு நாள் சேர்த்துக்கொள்வது இன்னும் சரியாக வரும்.

நேர்முகத்தில், "இந்த வயசுல சமாளிப்பீங்களா?" என்ற கேள்வி வேறு வேறு வேஷத்தில் வரும். நான் முதலில் 31 வருட அனுபவம் என்றுதான் தொடங்குவேன். கேட்பவர் காதில் அது வயதாகத்தான் விழுகிறது. பிறகு மாற்றிக்கொண்டேன்: 24 படுக்கை வார்டை நடத்தினேன், ஒரே ஷிஃப்டில் ஆறு ஜூனியர்களுக்கு வேலை பிரித்தேன், கடைசி இரண்டு வருடத்தில் நாங்கள் படுக்கைப் புண்ணை எப்படிக் குறைத்தோம். விண்ணப்பத்திலும் கடைசிப் பத்துப் பதினைந்து வருடத்தை விரிவாக எழுதி, அதற்கு முன்னதை இரண்டு வரியில் முடித்தேன். பதில் வருவது கூடியது.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன் ஒரு நாள் அங்கே வந்து கூட இருந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். முக்கால்வாசி இடங்களில் அனுமதிப்பார்கள், மறுத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் டயாலிசிஸ் மெஷினையோ கணினியையோ பார்க்க வேண்டாம். மத்தியானம் அங்கே இருப்பவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா, நோயாளியைத் தூக்க வேண்டியபோது எத்தனை பேர் வருகிறார்கள், உங்கள் வயதில் அங்கே யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் டூட்டி முடிந்து அவர் கிளம்பும்போது கூடவே வாசல்வரை நடந்து போங்கள். உள்ளே சொல்லாததை எல்லாம் அங்கே சொல்வார்.